ஆறாம் நம்பர் சாவி

முதல் நாள் அந்த வீட்டுக்குப் போனபோது ஆச்சி ஒரு சாவிக்கொத்தை என் கையில் கொடுத்தார். இரும்பு வளையம், இருபதுக்கு மேல் சாவிகள், சிலது என் உள்ளங்கை நீளம். ஒவ்வொரு சாவியிலும் நூல் கட்டி ஒரு தகர வில்லை. வில்லையில் ஆணியால் குத்திய எண்.

"ஆறாம் நம்பரை எடுத்துத் திற தம்பி. அந்த அறையிலதான் கரண்டு ஒழுங்கா வரும்."

வளவைச் (நடு முற்றம்) சுற்றி வரிசையாக அறைகள். வாசல் பக்கமிருந்து எண்ணிக்கொண்டே போய் ஆறாவது கதவில் சாவியைப் போட்டேன். நுழையவே இல்லை. ஐந்திலும் ஏழிலும் போட்டுப் பார்த்தேன். பட்டாலையில் உட்கார்ந்திருந்த ஆச்சிக்குச் சிரிப்பு. "கதவ எண்ணியா திறக்கிற? நோட்டைப் பாரு." நீளவாக்கில் இருக்கும் பழைய கணக்கு நோட்டு அது. ஆறுக்கு நேரே 'இரண்டாங்கட்டு சாமான் அறை' என்று எழுதி அடித்துவிட்டு, கீழே வேறு மையில் 'முகப்பு மேற்கறை, பூட்டு மாத்தினது' என்று இருந்தது.

அன்றைக்கு இதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அடுத்த ஒன்றரை வருஷத்தில் அந்த வீட்டு சர்வரில் நான் செய்த மூன்று தவறுகளும் இந்த நோட்டைப் பார்க்காமல் கதவை எண்ணிய வகைதான்.

காரைக்குடியில் செக்காலை ரோட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. வீடு கானாடுகாத்தான் பக்கம். ஏழு பங்காளிகள். சென்னையில் மூன்று பேர், கோயம்புத்தூரில் ஒருவர், சிங்கப்பூரில் இருவர், கோலாலம்பூரில் ஒருவர். ஆச்சியும் ஒரு வாட்ச்மேனும் மட்டும் இங்கே. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் எல்லாரும் வருவார்கள், மற்ற நாளில் அறைகள் பூட்டிக் கிடக்கும். முகப்பும் வளவும் எல்லாருக்கும் பொது, அறை அந்தந்தப் பங்குக்கு. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

வேலை என்னவென்றால், வீட்டில் இருக்கும் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து ஓர் இடத்தில் வைக்க வேண்டும். பேரேடுகள், ரங்கூனிலிருந்தும் மோல்மேனிலிருந்தும் வந்த கடிதங்கள், கல்யாணத்துக்கு எழுதிய இசைகுடிமானங்கள், பத்திரங்கள். ஒரு தேக்குப் பெட்டி முழுக்க பர்மா நிலக் காகிதங்கள். 1930-களில் கீழ் பர்மாவின் நெல் வயல்களில் கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. 1942-இல் ஜப்பான் படை வந்தது, 1948-இல் அந்நாட்டு அரசு நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. நிலம் போய்விட்டது. எந்த வயல் யாருடையது என்ற காகிதம் மட்டும் பாச்சா உருண்டை வாசத்தோடு பத்திரமாக இருக்கிறது. நான் பிற்பாடு செய்துவைத்தது இதற்கு நேர்மாறு: எல்லாப் பொருளும் பத்திரமாக இருந்தது, யாருடையது என்பது மட்டும் போய்விட்டது.

பழைய டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸைப் போட்டு சர்வராக்கினேன். ஏழு பங்குக்கு ஏழு கணக்கு, ஏழு ஃபோல்டர். ஒருவர் ஃபோல்டரை மற்றவர் திறக்க முடியாது. பொது என்று ஒரு ஃபோல்டர், அதில் எல்லாரும் போடலாம். ஃபோல்டர்களை நெட்வொர்க்கில் பகிரும் சாம்பா வழியாக அவரவர் லேப்டாப்பில் தெரியும், வெளியூர்க்காரர்கள் இன்டர்நெட் வழியாக உள்ளே வர விபிஎன். கேபிள் இழுப்பதுதான் பெரும்பாடு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகின சுவரில் ஆணி அடிக்கக்கூட ஆச்சி விடமாட்டார், துளை போடுவது எப்படி? வைஃபையோ அந்தச் சுவர்த் தடிமனைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போகாது. கடைசியில் கேபிளை நிலைக்கதவுக்கு மேல் காற்றுக்கு விட்ட சந்து வழியாகக் கொண்டுபோனேன். சரி, அது வேறு கதை.

பொது ஃபோல்டர்தான் முதலில் சூடு பிடித்தது. ஓடு மாற்றிய பில், வெள்ளையடித்த பில், ஆத்தங்குடிக் கல் வாங்கிய பில் என்று யார் பணம் கொடுத்தார்களோ அவர்களே ஸ்கேன் செய்து அதில் போட்டுவிடுவார்கள். வருஷக் கடைசியில் யார் போட்ட பில் எவ்வளவு என்று கூட்டி ஏழாக வகுத்தால் கணக்கு முடிந்தது. பில்லில் பெயர் இருக்காது, கொத்தனார் எழுதும் துண்டுச்சீட்டில் என்ன இருக்கும்? ஃபைலின் உரிமையாளர் யார் என்று சர்வர் சொல்வதே சாட்சி. இப்படி ஒரு ஏற்பாடு அவர்களாகவே உண்டாக்கிக்கொண்டது, எனக்கு வெகுநாள் தெரியாது.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டும். லினக்ஸில் ஒரு ஃபைலோடு அதன் உரிமையாளர் பெயர் இருப்பதில்லை. ஐநோடு என்று ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சின்னப் பதிவு உண்டு, அதில் ஓர் எண் மட்டும் இருக்கும். யூஐடி என்பார்கள். குழுவுக்கு இன்னொரு எண், ஜிஐடி. எண்ணுக்கு எந்தப் பெயர் என்பது ஈடிசி ஃபோல்டருக்குள் பாஸ்வேர்டு என்ற தனி ஃபைலில். (பெயர்தான் அப்படி. பாஸ்வேர்டு அங்கிருந்து ஷேடோ என்ற ஃபைலுக்குக் குடிபோய் ரொம்ப காலமாகிறது.) ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்டில் எல் போட்டால் பெயர் தெரியும், கூடவே என் சேர்த்தால் உள்ளே இருக்கும் எண் தெரியும். டெபியனில் முதலில் உண்டாக்கும் மனிதருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. மேக்கில் முதல் ஆள் 501. எண்ணுக்கும் ஆளுக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் இல்லை, வந்த வரிசைதான்.

அந்த சர்வரில் 1000 நான். 1001-லிருந்து 1007 வரை ஏழு பங்குகள்.

முதல் தவறு ஒரு மழைக்காலத்தில். ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. அவசரமாக ஒரு டெராபைட் எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கிக்கொண்டு போய் சொருகி, ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் கமாண்டை ஓட்டினேன். ஏ என்ற ஆப்ஷன் போட்டால் எல்லாமே அப்படியே வரும் என்று நாங்கள் எல்லாரும் வாய்ப்பாடாகப் படித்தது. அது உண்மையில் ஏழு ஆப்ஷன்களின் சுருக்கம்: உள் ஃபோல்டர்கள், சிம்லிங்க் (வேறொரு ஃபைலைக் காட்டும் சுட்டி), அனுமதி, நேரம், குழு, உரிமையாளர், டிவைஸ் ஃபைல். ஹார்டு லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்), ஏசிஎல் (ஆளாளுக்கான தனி அனுமதிப் பட்டியல்), எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட் (ஃபைலோடு ஒட்டிவைக்கும் கூடுதல் குறிப்பு) இந்த ஏழில் சேர்த்தி இல்லை; அவை வேண்டுமென்றால் பெரிய ஹெச், பெரிய ஏ, பெரிய எக்ஸ் தனியாகப் போட வேண்டும்.

திரை முழுக்க வரி வரியாக ஓடியது: சௌன் (உரிமையாளரை மாற்றுவது) முடியவில்லை, அனுமதி இல்லை. கடைசியில் எரர் 23. டிஸ்கைத் திறந்து பார்த்தேன், எல்லா ஃபைலும் இருந்தது. நாலைந்து பிடிஎஃப் திறந்து பார்த்தேன், நன்றாகத் திறந்தது. போதுமென்று கிளம்பிவிட்டேன். கடையில் வாங்கிய டிஸ்க் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் வருகிறது என்பதும், எக்ஸ்ஃபேட்டில் லினக்ஸ் உரிமையாளரை எழுதிவைக்க இடமே கிடையாது என்பதும் எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். எக்ஸ்ஃபேட்டில் எல்லா ஃபைலும் டிஸ்கை மவுண்ட் செய்தவர் பெயரில் தெரியும். டெஸ்க்டாப்பில் சொருகியது நான், ஆகவே எல்லாம் 1000.

புது டிஸ்க் மாட்டி அதிலிருந்து திரும்ப ஏற்றினேன். இந்தத் தடவை ஒரு எரர்கூட இல்லை. ஏன் வரும்? 1000 என்று இருந்ததை 1000 என்று பத்திரமாக எழுதியது. அனுமதியும் எக்ஸ்ஃபேட் காட்டிய பொத்தாம்பொதுவான 755.

அன்று ராத்திரியே கோலாலம்பூரிலிருந்து போன். "தம்பி, என் ஃபோல்டர்ல புதுசா ஒண்ணும் போட முடியலையே." அடுத்தது சென்னை. மறுநாள் மதியத்துக்குள் ஆறு பேர் கூப்பிட்டுவிட்டார்கள், எல்லாருக்கும் ஒரே புகார். 755 என்றால் உரிமையாளர் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம். உரிமையாளர் நான் ஒருவன். அப்படியென்றால் ஏழு பேரும் ஏழு ஃபோல்டரையும் திறந்து படிக்க முடிந்திருக்கிறது. அந்தப் புகார் மட்டும் ஒருவரிடமிருந்தும் வரவில்லை. எழுத முடியாததை ஆறு பேர் சொன்னார்கள், படிக்க முடிந்ததை யாரும் சொல்லவில்லை! இரண்டு நாள் கழித்து ஆச்சிதான் போனில் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டாம் பங்குக்காரவுக வாங்கின கடன் விவரம் நாலாம் பங்குக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு பேச்சா இருக்கு."

அந்த வெட்கத்தை விரிவாக எழுதப் போவதில்லை. ஏழு தனி ஃபோல்டர்களைச் சரிசெய்வது ஐந்து நிமிஷ வேலை, ஃபோல்டர் பெயரே பங்கைச் சொல்லிவிடும். ஃபோல்டருக்கு ஒரு சௌன், மற்றவர் படிக்காதபடி அனுமதியை மாற்ற ஒரு சிஹெச்மாட், உள்ளே இருப்பதற்கும் சேர்த்து. பொது ஃபோல்டரில்தான் மாட்டிக்கொண்டேன். இருநூற்றுச் சொச்சம் பில். எந்த பில் யார் போட்டது? தேதி இருக்கிறது, பெயர் இல்லை. பழைய டிஸ்க் அதற்குள் முழுசாகப் படுத்துவிட்டது. ஆச்சியின் நோட்டில் யார் எப்போது எந்த வேலைக்குப் பணம் அனுப்பினார்கள் என்று ஒரு பக்கம் இருந்தது. அதையும் ஃபைல் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆச்சி படிக்க நான் தட்ட, இரண்டு சாயங்காலம் ஆனது. பத்துப் பன்னிரண்டு பில் கடைசிவரை யாருடையது என்று தெரியவில்லை. அவற்றை ஏழாக வகுத்துவிட்டார்கள்.

இதற்குப் பிறகு எக்ஸ்டர்னல் டிஸ்க் என்றால் இரண்டில் ஒன்று செய்கிறேன். லினக்ஸ் மட்டும் படித்தால் போதுமென்றால் ஈஎக்ஸ்டி4 ஃபார்மேட். விண்டோஸிலும் திறக்கும்படி இருக்க வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட்டை அப்படியே விட்டு, உள்ளே ஒரே டார் ஃபைலாகக் கட்டிப் போட்டுவிடுவேன். டார் ஃபைலுக்குள் ஒவ்வொரு ஃபைலின் உரிமையாளர் எண்ணும் பெயரும் இரண்டுமே எழுதப்பட்டிருக்கும். வெளியே டிஸ்க் என்ன ஃபார்மேட் என்று அதற்குக் கவலையில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பொருள் கடைகளுக்குப் போனால் இது சட்டென்று புரியும். இடித்த வீடு, பிரித்த வீடு என்று எங்கெங்கிருந்தோ வந்த பித்தளை அண்டாக்கள் குவிந்து கிடக்கும். கழுத்துப் பக்கம் விரலால் தடவிப் பார்த்தால் விலாசம் தட்டுப்படும், நாலைந்து எழுத்து, உளியால் வெட்டியது. வீடு போய், பட்டியல் போய், கைமாறிக் கைமாறிக் கடைக்கு வந்த பிறகும் அண்டா தன் சொந்தக்காரரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பக்கத்திலேயே கிடக்கும் பூட்டுகளிலும் சாவிகளிலும் எண் மட்டும். யார் வீட்டு ஆறு அது? டார் அண்டா மாதிரி, சாதாரண ஃபைல்சிஸ்டம் சாவி மாதிரி.

இரண்டாவது தவறு இதைவிட அமைதியானது. டிஸ்க் படுத்த அனுபவத்துக்குப் பிறகு, வீட்டிலேயே ஒரு நகல் வைத்தால் போதாது, கடையிலும் ஒன்று இருக்கட்டும் என்று பங்காளிகள் சம்மதித்தார்கள். கடை மெஷினிலும் லினக்ஸ், ஈஎக்ஸ்டி4, உரிமையாளரை எழுதிவைக்க இடம் உண்டு. தூரத்து மெஷினுக்குள் பாதுகாப்பாக நுழையும் எஸ்எஸ்ஹெச் வழியாக தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு ஆர்சிங்க். ஒரு எரர் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து சும்மா ஒரு நாள் பட்டியல் போட்டுப் பார்த்தால், எல்லா ஃபைலும் கடையில் பேக்கப்புக்கென்று நான் வைத்திருந்த கணக்கின் பெயரில்.

விஷயம் இதுதான்: ஒரு ஃபைலை இன்னொருவர் பெயருக்கு எழுதிவைக்க ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள தலைமைக் கணக்கு, அதன் எண் பூஜ்யம்) ஒருவருக்கே அதிகாரம். அனுப்புகிற பக்கம் நான் ரூட்டாக இருந்தேன், வாங்குகிற பக்கம் சாதாரண ஆள். வாங்குகிறவர் ரூட் இல்லையென்றால் ஆர்சிங்க் உரிமையாளர் ஆப்ஷனைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், முணுமுணுக்கக்கூடச் செய்யாது. குழுவைக்கூட, வாங்குகிறவர் எந்தக் குழுக்களில் இருக்கிறாரோ அந்த அளவுக்குத்தான் காப்பாற்றும். எக்ஸ்ஃபேட் கத்தியபோது நான் காது கொடுக்கவில்லை. இங்கே கத்தவே இல்லை. யார் எழுதி அனுப்பினார்கள் என்பது பெரிதல்ல, யார் வாங்கி வைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சரி என்று கடை மெஷினில் ஆர்சிங்கை மட்டும் சுடோவோடு, அதாவது ரூட் அதிகாரத்தோடு, ஓட அனுமதி கொடுத்தேன். இப்போது உரிமையாளர் வந்தது. பட்டியல் போட்டேன். மூன்றாம் பங்கின் ஃபோல்டர் முழுக்க என் கடைப் பையன் பெயரில்.

ஆர்சிங்க் தானாகச் செய்வது பெயரைப் பார்த்து மாற்றுவது. அங்கே இருந்த பெயர் இங்கேயும் இருந்தால் இங்கே அதற்கு எந்த எண்ணோ அதைப் போடும். பெயரே இல்லையென்றால் வந்த எண்ணை அப்படியே எழுதும். ரூட்டுக்கு மட்டும் இந்த விசாரணை கிடையாது, பூஜ்யம் எங்கே போனாலும் பூஜ்யம். பங்காளிகளின் பெயர்கள் என் கடை மெஷினில் எதற்கு இருக்கும்? ஆகவே 1003 அப்படியே 1003 என்று வந்தது. என் மெஷினில் 1003 கடைப் பையன். அவன் திறந்து பார்த்திருக்க மாட்டான், நல்ல பையன். ஆனால் திறக்க முடிந்தது.

இதற்கு மருந்து நியூமெரிக் ஐடிஸ் என்ற ஆப்ஷனும் ஃபேக் சூப்பர் என்ற ஆப்ஷனும் சேர்ந்தது. முதலாவது, பெயரைத் தேடாதே, எண்ணை எண்ணாகவே கொண்டுபோ என்று சொல்வது. இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. வாங்குகிற பக்கம் ரூட்டே வேண்டாம். எல்லா ஃபைலும் பேக்கப் கணக்கின் பெயரிலேயே உட்கார்ந்திருக்கும். உண்மையான உரிமையாளர் எண், குழு எண், அனுமதி எல்லாம் அந்தந்த ஃபைலின் எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்டில் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும். அண்டாவில் வெட்டிய எழுத்து மாதிரிதான், வெட்டுவது பெயரல்ல, எண். திரும்ப எடுக்கும்போதும் அதே ஆப்ஷனோடு எடுத்தால் ஆர்சிங்க் அந்த வரியைப் படித்து, வீட்டு சர்வரில் ரூட்டாக நின்று, பழைய உரிமையாளருக்கே எழுதிவிடும். கடைப் பையனுக்கு இப்போது ஒன்றும் தெரியாது. ஒரே கவனம், இந்த பேக்கப்பை வேறு டிஸ்குக்கு மாற்றும்போது வெறும் சிபி (சாதாரண நகல் கமாண்ட்) போட்டால் அந்த வரி உதிர்ந்துவிடும். ஆட்ரிபியூட்டையும் சேர்த்து நகலெடுக்கச் சொல்ல வேண்டும்.

உரிமையாளர் எண் பூட்டு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்கைக் கழற்றிக்கொண்டு போய் வேறு மெஷினில் ரூட்டாகத் திறந்தால் எல்லாம் தெரியும். கடை டிஸ்கை முழுக்க என்கிரிப்ட் செய்தது தனி வேலை.

மூன்றாவது தவறு, ஒரு ஸ்லாஷ். ஆர்சிங்கில் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஸ்லாஷ் போட்டால் உள்ளே இருப்பதை மட்டும் அனுப்பு என்று அர்த்தம், போடாவிட்டால் ஃபோல்டரோடு அனுப்பு. இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். ஸ்லாஷ் போட்டால் அந்த ஃபோல்டரின் உரிமையாளரும் அனுமதியும் போய்ச் சேரும் ஃபோல்டரின் தலையில் ஏறும் என்பது பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. உள்ளே இருக்கும் ஃபைல்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்போம், வெளியே நிற்கும் ஃபோல்டரும் ஒரு பொருள், அதற்கும் ஒரு சொந்தக்காரர் என்பது மறந்துபோகும். ஸ்லாஷுக்குப் பதில் நட்சத்திரக்குறி போடுகிறவர்களுக்கு நேர்மாறான சங்கடம்: மேல் ஃபோல்டரின் உரிமையாளர் வராது, புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபைல்களும் வராது.

சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகளைக் கடையிலிருந்து வீட்டு சர்வரில் என் ஹோம் ஃபோல்டருக்கு அனுப்பினேன், அந்தப் பக்கம் சுடோவோடு. ஸ்கிரிப்ட் ஃபோல்டர் கடைப் பையன் உண்டாக்கியது. வேலை முடிந்தது, வெளியே வந்தேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி நுழைய முயன்றால் கதவு சாத்திவிட்டது. எஸ்எஸ்ஹெச் என் சாவி ஃபைலை ஏற்கவில்லை.

ராத்திரி ஒன்பது மணி. பைக்கை எடுத்துக்கொண்டு போனேன், வாட்ச்மேன் டார்ச்சோடு வந்து திறந்தார். மானிட்டரை மாட்டி உள்ளே நுழைந்து பட்டியல் போட்டால், என் ஹோம் ஃபோல்டர் மூன்றாம் பங்கின் பெயரில் இருக்கிறது. பையனின் 1003, இங்கே மூன்றாம் பங்கு. ஹோம் ஃபோல்டர் அந்த ஆளுடையதாகவோ ரூட்டுடையதாகவோ இல்லையென்றால் எஸ்எஸ்ஹெச் அதற்குள் இருக்கும் சாவியை நம்பாது. அது சரியான முன்னெச்சரிக்கைதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு சௌன், ஐந்து வினாடி. ஆச்சி கேட்டார், என்னப்பா ஆச்சு என்று. "என் வீடு மூணாம் பங்குக்குப் போயிருச்சு ஆச்சி" என்றேன். "அவுக ஏற்கெனவே ரெண்டு அறை வச்சிருக்காகளே" என்றார்.

அன்றிலிருந்து பெரிய வேலை எதற்கும் முதலில் வெள்ளோட்டம் விடுகிறேன். என் என்ற ஆப்ஷன் போட்டால் ஒன்றையும் மாற்றாமல் என்ன மாற்றும் என்று மட்டும் சொல்லும், கூடவே ஐ போட்டால் மாறப் போகும் ஒவ்வொரு ஃபைலுக்கும் பதினொரு எழுத்தில் ஒரு குறிப்பு வரும். பெரும்பாலும் புள்ளிகள். ஏழாவது இடத்தில் ஓ என்று வந்தால் உரிமையாளர் மாறப் போகிறது, எட்டாவதில் ஜி வந்தால் குழு. பேக்கப் ஒழுங்காக இருக்கிறதென்றால் அந்த இரண்டு இடமும் வெறும் புள்ளியாக இருக்க வேண்டும். பட்டியலில் நூற்றுக்கணக்கில் ஓவும் ஜியும் ஓடினால் கையை எடுத்துவிட்டு யோசிக்க வேண்டிய நேரம். குறிப்பாக முதல் வரியைப் பார்ப்பேன், பெரும்பாலும் மேல் ஃபோல்டர் அங்கேதான் நிற்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று பாக்கி இருந்தது. போன தை மாதம் சர்வரை எஸ்எஸ்டிக்கு மாற்றினோம், டெபியன் புதிதாகப் போட்டேன். கடையிலிருந்து எண் மாறாமல் எல்லாம் திரும்ப வரத் தயார். புது சிஸ்டத்தில் ஏழு கணக்குகளை உண்டாக்க உட்கார்ந்தேன். முதல் பங்கு, இரண்டாம் பங்கு என்று தட்டிக்கொண்டே போனபோது ஐந்தில் கை நின்றது. பழைய சர்வரில் கணக்குகளைப் பங்கு வரிசையில்தான் உண்டாக்கினேனா? சிங்கப்பூர் அண்ணன் இருவரில் ஒருவர் முதலில் பாஸ்வேர்டு அனுப்பினார், மற்றவர் ஒரு வாரம் கழித்து. ஆறாம் பங்கு ஐந்துக்கு முன்னால் வந்ததாக ஞாபகம். ஞாபகத்தை நம்பி, இருவர் மாறிப்போனால் எண்ணெல்லாம் சரியாக வந்து, ஐந்தாம் பங்கின் அறையை ஆறாம் பங்கிடம் கொடுத்துவிட்டு, ஓ ஜி ஒன்றும் இல்லாமல் சுத்தமாகப் புள்ளிகளைக் காட்டும். இதை எந்தக் கமாண்டாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆளே இல்லாத எண் ஏதாவது ஃபைலில் தொங்குகிறதா என்று ஃபைண்டில் நோயூசர் போட்டுக் கேட்கலாம், அது சொல்லும். ஆள் மாறியிருந்தால் சொல்லாது.

நான் ஃபோல்டர்களை பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தேன். ஈடிசியை எடுக்கவில்லை.

ஆச்சியிடம் சொன்னேன். "நோட்டு எங்க?" என்றார். சாவிக்கொத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். "இல்ல தம்பி, உன் நோட்டு. இந்த நம்பர் இன்னாருதுன்னு எழுதி வச்சிருப்பேல்ல?"

நல்லவேளை, கழற்றிய பழைய டிஸ்கை இன்னும் அழிக்கவில்லை. அதைச் சொருகி பாஸ்வேர்டு ஃபைலைத் திறந்தால், 1005 ஆறாம் பங்கு, 1006 ஐந்தாம் பங்கு. என் ஞாபகம் சரிதான், இருந்தாலும் அதை நம்பி செய்திருந்தால் சரியாக வந்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். எண்ணை நானே கொடுத்து ஏழு கணக்கையும் உண்டாக்கினேன், பங்காளிகள் குழுவுக்கும் பழைய ஜிஐடி. அப்புறம்தான் ஃபைல்களை ஏற்றினேன். சாம்பா தன் பாஸ்வேர்டுகளைத் தனியாக ஒரு டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளும், அதையும் பழைய டிஸ்கிலிருந்தே எடுத்தேன், இல்லையென்றால் ஏழு பேருக்கும் போன் போட்டுப் புது பாஸ்வேர்டு சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இப்போது ராத்திரி பேக்கப்பில் ஈடிசியும் சாம்பா டேட்டாபேஸும் முதலில் போகிறது, மற்றதெல்லாம் பிறகு. வாரத்துக்கு ஒருமுறை கெட்ஃபேக்கல் கமாண்ட் ஓட்டி, ஒவ்வொரு ஃபைலும் ஃபோல்டரும் யாருடையது, என்ன அனுமதி என்று பெயரோடு ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக எழுதிவைக்கிறேன். எண்கள் நாசமாகப் போனாலும் அந்த ஃபைலை அதன் ஜோடி கமாண்டான செட்ஃபேக்கலுக்குக் கொடுத்து ரூட்டாக ஓட்டினால் உரிமையாளரைத் திரும்ப எழுதிவிடும். சில கேபி மட்டும்தான் பிடிக்கிறது. முதல் மழைக்காலத்தில் இது ஒன்று இருந்திருந்தால் அந்த இரண்டு சாயங்காலமும் இல்லை, யாருடையது என்று தெரியாத பன்னிரண்டு பில்லும் இல்லை.

ஆச்சி கேட்டபடி எண் பட்டியலை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோனேன். சாவி நோட்டின் கடைசிப் பக்கத்தில் பசை தடவி ஒட்டினார். கண்ணாடியை மூக்கில் இறக்கி மேலிருந்து படித்தார்.

"ஆயிரத்து ஒண்ணுலேருந்து ஏழு வரைக்கும் நம்ம ஆளுக. இந்த ஆயிரம் யாரு?"

"நான்தான் ஆச்சி. முதல்ல நான்தானே உள்ள வந்தேன்."

"பங்காளிக எல்லாருக்கும் முன்னால நீயா?" சிரித்துக்கொண்டே பென்சிலால் அதற்கு நேரே கம்ப்யூட்டர் தம்பி என்று எழுதினார். மேல் வரிக்கு விரல் போனது. "அப்ப இந்தச் சைபர்?"

"அது எல்லா அறையையும் திறக்கிற சாவி ஆச்சி."

"அது யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்டதான்."

பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.